பல்லைப் புடுங்குறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க: இம்ப்ளான்ட் எப்ப வைக்கலாம்?

எனக்கு கீழ் வரிசையில வலதுபக்க கடவாப்பல் போச்சு. பல வருஷம் முன்னாடி ரூட் கேனால் பண்ணி கேப் போட்ட பல், உள்ள வேர் வரைக்கும் விரிசல் விட்டு இனி காப்பாத்த முடியாதுன்னு ஆனதும் எடுத்தாங்க. எடுத்த அன்னைக்கு "நல்லா ஆறட்டும், அப்புறம் எப்ப வேணும்னாலும் இம்ப்ளான்ட் வச்சுக்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க (இம்ப்ளான்ட்னா எலும்புக்குள்ள வைக்கிற டைட்டானியம் ஸ்க்ரூ, அது மேலதான் பல் மாதிரி கேப் வரும்), நானும் வலி போயிருச்சேன்னு விட்டுட்டேன், அப்புறம் வேலை, பசங்க ஸ்கூல் ஃபீஸ், அப்பாவுக்கு ஆஸ்பத்திரின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து ரெண்டரை வருஷம் ஓடிருச்சு. அதுக்கப்புறம் வேற ஒரு டாக்டர்கிட்ட போய் ஸ்கேன் எடுத்துப் பாத்தா அந்த இடத்துல எலும்போட அகலம் 5 மில்லிமீட்டர் கூட இல்ல. எலும்புத் தூள் வச்சு தைச்சு, ஆறு மாசம் காத்திருந்து, அப்புறம் ஸ்க்ரூ வச்சு, அதுக்கு மேல மூணு மாசம் கழிச்சுத்தான் கேப் போட்டாங்க. பல்லை எடுத்த அன்னைக்கே யாராவது உக்கார வச்சு விவரமா சொல்லியிருந்தா இதுல பாதி செலவும் அலைச்சலும் இருந்திருக்காது.

அடுத்து எங்க அம்மாவுக்கு மேல் கடவாப்பல் எடுக்க வேண்டி வந்துச்சு. இந்த தடவை விடல, எடுக்குறதுக்கு முன்னாடியே எல்லாம் கேட்டு, படிச்சு, ரெண்டு டாக்டர்கிட்ட பேசி தெளிவான பிறகுதான் எடுக்க விட்டேன். அப்ப தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, உங்க வாயைப் பாத்து முடிவு சொல்ல வேண்டியது உங்க டாக்டர்தான், ஆனா என்ன கேக்கணும்னே தெரியாம போய் நாற்காலில உக்காராதீங்கன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

பல்லை எடுத்தா எலும்புக்கு என்ன ஆகுது

இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிரும். பல் வேரைச் சுத்தி இருக்குற எலும்புல உள்பக்க மெல்லிசான அடுக்கு இருக்கு பாருங்க, அது அந்தப் பல்லுக்காகவே இருக்குறது. வேரையும் எலும்பையும் சேத்துப் பிடிச்சிருக்குற நார் எல்லாம் அதுலதான் பதிஞ்சிருக்கும். பல் போனதும் அந்த அடுக்குக்கு வேலை இல்ல, உடம்பு அதைக் கரைச்சிரும். உதட்டுப் பக்கமும் கன்னத்துப் பக்கமும் இருக்குற எலும்புச் சுவர் ரொம்ப மெல்லிசு, அதுவும் மேல் முன்பல்லுல பல பேருக்கு 1 மில்லிமீட்டர் கூட இருக்காது, அதனால அந்தப் பக்கம்தான் அதிகமா உள்வாங்கும். பல் போன இடத்துல வெளிப்பக்கம் குழி விழுந்த மாதிரி தெரியுறது இதனாலதான்.

எவ்வளவு வேகமா கரையுதுன்னு கேட்டா, டென்மார்க்ல 46 பேருக்கு கடவாப்பல்லும் அதுக்கு முன்னால இருக்குற சின்ன கடவாப்பல்லும் எடுத்த இடத்தை ஒரு வருஷம் அளந்து பாத்து 2003ல வெளியிட்டாங்க. எடுத்தப்ப சராசரியா 12 மில்லிமீட்டர் இருந்த அகலம் ஒரு வருஷத்துல 5.9 மில்லிமீட்டரா ஆயிருச்சு, அதாவது பாதி போச்சு, அதுல மூணுல ரெண்டு பங்கு முதல் 3 மாசத்துலயே போயிருச்சு. இப்ப இதை இம்ப்ளான்ட் கணக்கோட சேத்துப் பாருங்க. ஒரு சாதாரண ஸ்க்ரூ 4 மில்லிமீட்டர் கனம்னு வச்சுக்குவோம், அதுக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது 1ல இருந்து 1.5 மில்லிமீட்டர் எலும்பு வேணும், ஆக 6, 7 மில்லிமீட்டர் தேவைப்படுது. கடவாப்பல்லுக்கு இன்னும் கொஞ்சம் கனமான ஸ்க்ரூவா வைப்பாங்க, அப்ப இன்னும் அகலம் வேணும். நான் ஏன் மாட்டிக்கிட்டேன்னு இப்ப தெரியுதா.

அதே நேரத்துல பல் வேர் இருந்த குழி ஆறுற வேலையும் நடந்துக்கிட்டே இருக்கும். முதல் நாள் ரத்தக்கட்டி, ஒரு வாரத்துல அந்த இடத்துல புதுசா சதை, 4ல இருந்து 8 வாரத்துக்குள்ள மேல ஈறு மூடிரும், உள்ள புது எலும்பு பஞ்சு மாதிரி உருவாகி 3, 4 மாசத்துல குழி பெரும்பாலும் நிறைஞ்சிரும், அது முத்தி கெட்டியாக இன்னும் பல மாசம் ஆகும். ஒரு பக்கம் குழி நிறையுது, இன்னொரு பக்கம் வெளிச்சுவர் கரையுது. எந்த நேரத்துல ஸ்க்ரூ வைக்கணும்ங்கிற கேள்வியே இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கணும்ங்கிறதுதான்.

நாலு நேரம் இருக்கு

உலகம் பூரா டாக்டர்கள் இதை நாலா பிரிச்சு வச்சிருக்காங்க: பல்லை எடுக்குற அன்னைக்கே வைக்கிறது, 4ல இருந்து 8 வாரத்துல வைக்கிறது, 12ல இருந்து 16 வாரத்துல வைக்கிறது, 6 மாசத்துக்கு மேல வைக்கிறது. இதுல எது ஒசத்தி எது மட்டம்னு கிடையாது, எந்தப் பல், எந்த எலும்பு, சீழ் இருக்கா இல்லையா, உங்க உடம்பு எப்படிங்கிறதை வச்சு மாறும்.

அன்னைக்கே வைக்கிறதைப் பத்தித்தான் நிறைய சொல்லணும், ஏன்னா விளம்பரம் எல்லாம் அதைத்தான் சொல்லுது. முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துக்குவோம். பல்லை எடுத்த அன்னைக்கே ஸ்க்ரூ வைக்கிறது வேற, அன்னைக்கே ஸ்க்ரூ மேல பல் மாட்டுறது வேற. முதலாவது நடந்தாலும் ரெண்டாவது நடக்கும்னு கட்டாயம் இல்ல. "ஒரே நாள்ல பல்"னு போர்டு பாத்தா இதுல எதைச் சொல்றாங்கன்னு நேரா கேட்டுருங்க, அன்னைக்கு மாட்டுறது டெம்பரரி பல்லா கடைசிப் பல்லாங்கிறதையும் சேத்துக் கேளுங்க.

அன்னைக்கே ஸ்க்ரூ வைக்கணும்னா என்னென்ன சரியா இருக்கணும்னா, குழியோட நாலு பக்கச் சுவரும் உடையாம முழுசா இருக்கணும், முக்கியமா வெளிப்பக்கச் சுவர், அதுவும் 1 மில்லிமீட்டருக்கு மேல கனமா இருந்தா நல்லது. ஈறு தடிமனா இருக்கணும். சீழ் வடியுற, முகம் வீங்கியிருக்குற நிலைமை இருக்கக் கூடாது. குழிக்கு அடியிலயோ உள்பக்கமோ ஸ்க்ரூ கெட்டியா பிடிக்கிற அளவு எலும்பு இருக்கணும், ஏன்னா குழி ஸ்க்ரூவை விட அகலம், பக்கவாட்டுல பிடிக்காது, அடியிலதான் பிடிக்கணும். ஸ்க்ரூவுக்கும் குழிச் சுவருக்கும் நடுவுல இருக்குற இடைவெளில பெரும்பாலும் எலும்புத் தூள் போட்டு நிரப்புவாங்க. கடவாப்பல்லுக்கு வேர் ரெண்டு மூணு இருக்குறதால குழி இன்னும் பெருசு, வேருக்கு நடுவுல இருக்குற எலும்புத் திட்டு நல்லா இருந்தாத்தான் அதுல ஸ்க்ரூ நிக்கும், அது இல்லன்னா அன்னைக்கே வைக்கிறது கஷ்டம்.

இன்னொரு விஷயம், "உடனே வச்சுட்டா எலும்பு கரையாது"ன்னு ரொம்ப பேர் நம்புறாங்க, சில இடத்துல அப்படியே சொல்லவும் செய்றாங்க, அது சரியில்ல. ஸ்க்ரூ உள்ள இருந்தாலும் வெளிச்சுவர் கரையத்தான் செய்யும், பல்லோட நார் போனா அந்த அடுக்கு போயிரும்ங்கிறது மாறாது. முன்பல்லுல தப்பான ஆளுக்கு அவசரப்பட்டு வச்சா ஒண்ணு ரெண்டு வருஷத்துல ஈறு ஏறி உள்ள இருக்குற உலோகம் சாம்பல் நிறமா தெரிய ஆரம்பிச்சிரும், சிரிக்கும்போது பளிச்சுன்னு தெரியுற இடம் அது. அதனால முன்பல்லுக்கு அன்னைக்கே வைக்கிறேன்னு ஒருத்தர் சொன்னா வெளிச்சுவர் எவ்வளவு கனம் இருக்குன்னு ஸ்கேன்ல காட்டச் சொல்லுங்க. எல்லாம் சரியா அமைஞ்சா நல்ல வழிதான், ஒரு ஆபரேஷன் மிச்சம், சில மாசம் மிச்சம்.

4ல இருந்து 8 வாரம்ங்கிறது நம்ம ஊர்ல அதிகம் பேசப்படாத நேரம், எனக்கு இதுதான் ரொம்ப நியாயமா படுது, குறிப்பா முன்பல்லுக்கும் சீழ் பிடிச்ச பல்லுக்கும். அந்த நேரத்துல ஈறு மூடியிருக்கும், தைக்கிறதுக்கு சதை இருக்கும், சீழ் எல்லாம் ஆறியிருக்கும், ஆனா எலும்பு இன்னும் ரொம்ப சுருங்கிப் போயிருக்காது. வெளிச்சுவர் மெல்லிசா இருக்குறவங்களுக்கு ஸ்க்ரூ வைக்கும்போதே வெளிப்பக்கம் எலும்புத் தூள் வச்சு மேல மெம்ப்ரேன்னு ஒரு மெல்லிசான சவ்வை மூடி கனமாக்கிருவாங்க.

12ல இருந்து 16 வாரம் கடவாப்பல்லுக்கு நிறைய பேருக்கு ஒத்து வரும். குழில பாதிக்கு மேல எலும்பு வந்திருக்கும், ஸ்க்ரூ நல்லா பிடிக்கும். எனக்கு இந்த நேரத்துலயே பண்ணியிருக்கலாம்னு ரெண்டாவதா பாத்த டாக்டர் சொன்னார்.

6 மாசத்துக்கு மேலங்கிறது வேணும்னு காத்திருக்குறவங்களுக்கும் இருக்கு, என்னை மாதிரி விட்டுட்டவங்களுக்கும் இருக்கு. பெரிய கட்டி இருந்து எலும்பு நிறைய போனவங்க, உடம்பு சரியில்லாதவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, இவங்களுக்கு எல்லாம் தள்ளிப் போடுறதுதான் சரி. ஆனா தள்ளிப் போடப் போறோம்னு முன்கூட்டியே தெரிஞ்சா அடுத்து சொல்றதைக் கண்டிப்பா கேளுங்க.

காத்திருக்கணும்னா குழியை நிரப்பிட்டுக் காத்திருங்க

பல்லை எடுத்த கையோட அந்தக் குழில எலும்புத் தூளை நிரப்பி மேல மெம்ப்ரேன் வச்சு ரெண்டு தையல் போடுறதை சாக்கெட் பிரிசர்வேஷன்னு சொல்லுவாங்க. எலும்பு கரையுறதை இது முழுசா நிறுத்தாது, ஆனா கணிசமா குறைக்கும். இதைப் பண்ணா அந்தத் தூள் எலும்போட கலக்குறதுக்காக 4ல இருந்து 6 மாசம் காத்திருந்து ஸ்க்ரூ வைப்பாங்க. எனக்கு இது ஒரு வார்த்தை கூட சொல்லப்படல, அந்தக் கோவம் இன்னும் இருக்கு. எல்லாருக்கும் இது தேவைன்னு இல்ல, 6 வாரத்துல ஸ்க்ரூ வைக்கப் போறவங்களுக்கு பெரும்பாலும் இது வேண்டாம், ஆனா அஞ்சாறு மாசம் தள்ளும்னு தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய காப்பு.

இங்க நம்ம ஆளுங்க கேக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. எலும்புத் தூள் பல வகை, மாட்டு எலும்புல இருந்து பதப்படுத்தி எடுத்தது, மனுஷ எலும்புல இருந்து எடுத்தது, செயற்கையா செஞ்சது, நம்ம தாடைல இருந்தே எடுக்குறதுன்னு. மெம்ப்ரேன்ல நிறைய மாட்டுல இருந்தோ பன்றில இருந்தோ எடுத்த கொலாஜன்ங்கிற புரதம். சைவமா இருக்குறவங்க, மார்க்கப்படி பன்றி கூடாதுன்னு இருக்குறவங்க எல்லாம் முன்னாடியே சொல்லிட்டா வேற பொருள் வைக்க முடியும். எங்க அம்மா சுத்த சைவம், அதைச் சொன்னதும் செயற்கைத் தூளே வச்சாங்க. ஆபரேஷன் முடிஞ்ச பிறகு தெரிஞ்சு மனசு கஷ்டப்படுறதுக்கு முன்னாடியே கேட்டுக்குறது நல்லது.

எடுக்கப் போற நாளுக்கு முன்னாடி

முதல் கேள்வி, இந்தப் பல்லை நிஜமாவே எடுக்கணுமா. ரூட் கேனால் பண்ணியோ ஏற்கனவே பண்ணதை மறுபடி பண்ணியோ காப்பாத்த முடியும்னா சொந்தப் பல்லுக்கு ஈடு எதுவும் இல்ல, இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. எடுக்கத்தான் வேணும்னா, எலும்பை உடைக்காம மெதுவா எடுக்கச் சொல்லிக் கேளுங்க. ரெண்டு வேர் மூணு வேர் இருக்குற பல்லை துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு வேரா எடுத்தா சுவர் உடையாது, நேரம் கூடுதலா ஆகும், பரவாயில்ல. இம்ப்ளான்ட் வைக்கப் போறேன்னு எடுக்குற டாக்டருக்குத் தெரிஞ்சாத்தான் அந்தக் கவனத்தோட எடுப்பாங்க, அதனாலதான் முன்னாடியே சொல்லணும்கிறேன்.

ஸ்கேன் விஷயம். சின்ன எக்ஸ்ரேலயும் மொத்தத் தாடையையும் காட்டுற ஓபிஜி எக்ஸ்ரேலயும் உயரம் ஓரளவு தெரியும், அகலம் தெரியாது. அகலம், வெளிச்சுவர் கனம், கீழ்த்தாடைல ஓடுற நரம்பு எவ்வளவு தள்ளி இருக்கு, இதெல்லாம் தாடையை முப்பரிமாணத்துல காட்டுற சிபிசிடி ஸ்கேன்லதான் தெரியும். கீழ்த்தாடை நரம்புக்கு மேல 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் ஸ்க்ரூ முனை நிக்கணும், நரம்புல பட்டா உதடும் தாடையும் மரத்துப் போயிரும், சில பேருக்கு அது திரும்பாமலே போயிரும்.

மேல் கடவாப்பல்னா சைனஸ். மூக்குக்குப் பக்கத்துல இருக்குற அந்தக் காத்துப்பை மேல் கடவாப்பல் வேருக்கு நேர் மேல இருக்கு, பல் போனதும் அது கீழ இறங்க ஆரம்பிக்கும், கூடவே எலும்பு மேலயும் ஏறும், நடுவுல மிஞ்சுற எலும்பு வருஷக்கணக்குல விட்டா 3, 4 மில்லிமீட்டர்னு ஆகிரும். அப்ப அந்தப் பையோட அடியை மேல தூக்கி எலும்புத் தூள் வைக்கிற சைனஸ் லிஃப்ட்னு தனி ஆபரேஷன் தேவைப்படும். எங்க அம்மாவுக்கு எடுத்த அன்னைக்கே குழியை நிரப்பினதால சின்ன லிஃப்டோட முடிஞ்சது.

விஸ்டம் டூத் எடுத்தவங்க இதெல்லாம் படிச்சு பயப்பட வேண்டாம், அந்த இடத்துக்கு இம்ப்ளான்ட் வைக்கிற பழக்கமே இல்ல.

ஈறு நோய் இருந்தா அதை முதல்ல சரி பண்ணுங்க. மத்த பல்லைச் சுத்தி சீழும் ரத்தமுமா இருக்கும்போது புது ஸ்க்ரூ வச்சா அதே கிருமி அதையும் பிடிக்கும்.

உடம்பு சொல்ற நேரம்

எங்க அம்மாவுக்கு சுகர். மூணு மாச சராசரி காட்டுற எச்பிஏ1சி 9க்கு மேல இருந்துச்சு, டாக்டர் ஸ்க்ரூ வைக்க மாட்டேன்னு சொல்லிட்டார், 7.5க்கு கீழ கொண்டு வாங்க அப்புறம் பாப்போம்னார். அப்ப கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு, இப்ப நினைச்சா அவர்தான் நல்ல டாக்டர். சுகர் கட்டுக்குள்ள இருந்தா சுகர் இருக்குறவங்களுக்கும் இம்ப்ளான்ட் நல்லாவே நிக்கும், கட்டுக்குள்ள இல்லன்னா புண்ணும் ஆறாது எலும்பும் ஒட்டாது. குழியை நிரப்பிட்டு காத்திருந்த அந்த அஞ்சு மாசத்தை சுகரைக் குறைக்கிறதுக்கே பயன்படுத்திக்கிட்டோம், காலைல நடை, ராத்திரி சாதத்தைக் குறைச்சது, மாத்திரையை நேரத்துக்கு போட்டதுன்னு.

எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, டெனோசுமாப் ஊசி இதெல்லாம் எடுத்தவங்க, எப்பவோ எடுத்து நிறுத்தியிருந்தாலும், பல்லை எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லியே ஆகணும். தாடை எலும்பு ஆறாம செத்துப் போற ஆபத்து இருக்கு, கேன்சருக்காக பெரிய அளவுல அந்த ஊசி போட்டவங்களுக்கு இன்னும் அதிகம். தலை கழுத்துல ரேடியேஷன் எடுத்தவங்களும் அப்படித்தான். ஹார்ட்டுக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தானா நிறுத்தாதீங்க, பல் ரத்தத்தை நிறுத்த வழி இருக்கு, ஹார்ட்லயோ மூளைலயோ அடைச்சா அது வேற கதை, ஹார்ட் டாக்டர்கிட்டயும் பல் டாக்டர்கிட்டயும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டு முடிவெடுங்க.

சிகரெட், பீடி, ஹான்ஸ், புகையிலை போட்ட வெத்தலை, இது எது இருந்தாலும் இம்ப்ளான்ட் தோத்துப் போற வாய்ப்பு கூடும். முழுசா விட்டுட்டா நல்லது, முடியலன்னா ஸ்க்ரூ வைக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தி வச்ச பிறகு 8 வாரமாவது தொடாம இருங்க.

சின்ன பசங்களுக்கு பைக்ல விழுந்தோ விளையாட்டுலயோ முன்பல் போயிருச்சுன்னா உடனே இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது. தாடை வளந்துக்கிட்டே இருக்கும், பக்கத்துப் பல்லெல்லாம் அதோட கீழ இறங்கும், ஸ்க்ரூ மட்டும் எலும்போட ஒட்டி அங்கேயே நிக்கும், கொஞ்ச வருஷத்துல அந்தப் பல் மட்டும் குட்டையா தெரியும். பொண்ணுங்களுக்கு 18 வயசு கிட்ட, பையன்களுக்கு 20, 21 வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவாங்க. அது வரைக்கும் ஒட்டுற பல்லோ கழட்டி மாட்டுற பல்லோ போதும். அதை விட முக்கியம், பால் பல் இல்லாம நிரந்தரப் பல் முழுசா வேரோட விழுந்துட்டா வேரைத் தொடாம மேல்பாகத்தைப் பிடிச்சு எடுத்து, பால்ல போட்டு, அரை மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட ஓடுங்க, திரும்ப வச்சுக் கட்ட முடியும்.

எடுத்த பிறகு, ஸ்க்ரூ வர்ற வரைக்கும்

பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல நல்லா கடிச்சுப் பிடிங்க, அன்னைக்கு பூரா காறித் துப்பாதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க. அந்த ரத்தக்கட்டிதான் எதிர்கால எலும்புக்கு அஸ்திவாரம், அது கழண்டுட்டா எலும்பு திறந்து கிடக்கும், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள காது வரைக்கும் இழுக்குற வலி வரும், அப்படி வந்தா மாத்திரையோட சமாளிக்காம உடனே போங்க. ஒரு நாள் கழிச்சு வெதுவெதுப்பான உப்புத் தண்ணி வச்சுக் கொப்பளிக்கலாம், வேகமா இல்ல, வாய்ல வச்சு சாய்ச்சு விட்டுரணும். ஆறுன கஞ்சி, தயிர் சாதம், குழைஞ்ச இட்லி, ரெண்டு மூணு நாளைக்கு அது போதும்.

முன்பல்னா இடைவெளியோட வெளிய போக முடியாதுல்ல, அதுக்கு கழட்டி மாட்டுற சின்னப் பல்லோ, பக்கத்துப் பல்லோட ஒட்டுற பல்லோ கேட்டு வாங்குங்க. ஒரே கவனம், அது குழி மேலயோ எலும்புத் தூள் (கிராஃப்ட்) வச்ச இடத்து மேலயோ அழுத்தக் கூடாது, அழுத்தினா உள்ள வச்சது வீணாயிரும்.

ஸ்க்ரூ வச்ச பிறகும் ஒரு காத்திருப்பு

டைட்டானியம் எலும்போட ஒட்டிக்கும்ங்கிறதை 1952ல ஸ்வீடன்ல பெர் இங்வார் பிரானமார்க்னு ஒரு டாக்டர் முயல் கால் எலும்புல ரத்த ஓட்டம் பாக்குற ஆராய்ச்சிலதான் கவனிச்சார், உள்ள வச்ச டைட்டானியக் கருவியைக் கழட்டவே முடியல. 1965ல கோஸ்டா லார்சன்ங்கிறவருக்கு முதன்முதலா வச்சாங்க, அவர் 2006ல சாகுற வரைக்கும் அந்த இம்ப்ளான்டோடயே இருந்தார். அப்ப இருந்து சொல்லி வந்த கணக்கு கீழ்த்தாடைக்கு 3 மாசம், மேல்தாடைக்கு 6 மாசம். இப்ப ஸ்க்ரூவோட மேல்பரப்பை சொரசொரப்பா செய்றதால நிறைய பேருக்கு கீழ 2, 3 மாசத்துலயும் மேல 3, 4 மாசத்துலயும் கேப் போடுறாங்க, கிராஃப்ட் வச்சிருந்தா கூடுதலா ஆகும்.

இதுல பலருக்குத் தெரியாத ஒண்ணு, ஸ்க்ரூ வச்ச அன்னைக்கு இருக்குற பிடிப்பு மூணாவது நாலாவது வாரத்துல குறையும். முதல்ல மரத்துல ஆணி பிடிக்கிற மாதிரி இறுக்கத்துல நிக்குது, அப்புறம் சுத்தியிருக்குற பழைய எலும்பை உடம்பு கரைச்சு புதுசு கட்டுது, அந்த நடு நேரத்துலதான் பலவீனம். வலியே இருக்காது, அதனால எல்லாம் சரியாயிருச்சுன்னு நினைச்சு முறுக்கு, கரும்பு, மட்டன் எலும்புன்னு அந்தப் பக்கம் கடிச்சுருவாங்க. அந்த மாசம் முழுக்க மறுபக்கமே மெல்லுங்க.

அன்னைக்கே டெம்பரரி பல் மாட்டணும்னா ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கமா போச்சுன்னு கருவில பாப்பாங்க, 35 நியூட்டன் சென்டிமீட்டர்னு ஒரு அளவு சொல்லுவாங்க, அதுக்குக் குறைஞ்சா மாட்டாம மூடி வச்சுருவாங்க. "மாட்டித் தர்றேன்னு சொன்னீங்களே"ன்னு அந்த நேரத்துல டாக்டர்கிட்ட சண்டை போடாதீங்க, மாட்டாம விட்டது உங்க நல்லதுக்கு.

வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வர்றவங்க

வளைகுடாலயும் சிங்கப்பூர்லயும் இருக்குற நம்மாளுங்க ஒரு மாச லீவுல எல்லாத்தையும் முடிச்சுரணும்னு வர்றாங்க. ஒரு மாசத்துக்குள்ள எடுத்து, வச்சு, கடைசி கேப் வரைக்கும் போடுறது பெரும்பாலானவங்களுக்கு சரிப்படாது. ரெண்டு லீவா பிரிச்சுக்குங்க. பல்லும் எலும்பும் ஒத்து வந்தா முதல் லீவுல வந்த மொத வாரமே எடுத்து ஸ்க்ரூ வச்சு, தையல் பிரிச்சு, ஊருக்குப் போற வரைக்கும் டாக்டர் கண்ணுல பட்டுட்டு, அடுத்த லீவுல கேப். ஒத்து வரலன்னா முதல் லீவுல எடுத்து குழியை நிரப்பிட்டுப் போங்க. இல்லன்னா இருக்குற ஊர்லயே பல்லை எடுத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு லீவு போடுங்க, வந்ததும் ஸ்க்ரூ வைக்கலாம். கிளம்புற நாளுக்கு முந்தின நாள் மட்டும் எதையும் வச்சுக்காதீங்க.

ஏற்கனவே பல வருஷம் ஆயிருச்சுன்னா

பத்து வருஷம் ஆச்சு, இனி முடியாதான்னு என் சித்தி கேட்டாங்க. முடியும், இதுக்கு கடைசித் தேதின்னு ஒண்ணு கிடையாது. ஆனா எலும்போட சேத்து இன்னும் ரெண்டைப் பாக்கணும், பக்கத்துப் பல் அந்த இடைவெளில சாஞ்சிருக்கும், எதிர் வரிசைப் பல் கடிக்க ஆள் இல்லாம இறங்கியோ ஏறியோ இருக்கும். அப்ப ஸ்க்ரூ வைக்க எலும்பு இருந்தாலும் மேல பல் வைக்க இடம் இருக்காது, முதல்ல கம்பி போட்டு நகத்தணும் இல்ல எதிர்ப்பல்லைச் சீவணும். சித்திக்கு ரெண்டு பக்கத்துப் பல்லும் ஏற்கனவே கேப் போட்ட பல், அதனால அந்த ரெண்டு பல்லையும் பிடிச்சு நடுவுல பல் நிக்கிற பிரிட்ஜே போதும்னு முடிவு பண்ணாங்க, நல்லா சாப்பிடுறாங்க. எல்லாருக்கும் இம்ப்ளான்ட்தான் வழின்னு இல்ல.

செலவு கேக்கும்போது மொத்தத்தை எழுதி வாங்குங்க, ஸ்கேன், பல் எடுக்குறது, எலும்புத் தூள், மெம்ப்ரேன், ஸ்க்ரூ, ஸ்க்ரூவையும் கேப்பையும் இணைக்கிற அபட்மென்ட், டெம்பரரி பல், கேப், இதுல எது அடங்கும் எது அடங்காதுன்னு. ஸ்க்ரூ விலை மட்டும் சொல்லிட்டு மத்ததெல்லாம் பின்னாடி ஒவ்வொண்ணா வரும். முதல் ஆலோசனைக்கு சென்னைலயும் சிதம்பரத்துலயும் இருக்குற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம், கூட்டம் இருக்கும், காலைலயே போயிருங்க, பல்லைப் பாத்து எடுக்கணுமா வேண்டாமான்னு அங்க சொல்றது வெளிய ரெண்டாவது கருத்து கேக்குறவங்களுக்கும் உதவும்.

கடைசியா, ஸ்க்ரூ வச்ச அன்னைக்கே அந்த டப்பால இருக்குற ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்க. கம்பெனி பேர், மாடல், நீளம், கனம், லாட் நம்பர் எல்லாம் அதுல இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள இருக்குற திருகும் அதைத் திருப்புற கருவியும் வேற, பல வருஷம் கழிச்சு வேற ஊர்ல கேப் ஆடுச்சுன்னா அந்த ஸ்டிக்கர் இல்லாம அங்க இருக்குற டாக்டர் திண்டாடிப் போவார். எனக்கும் அம்மாவுக்கும் வந்த ரெண்டையும் ஒரு அட்டைல ஒட்டி, எந்தப் பல், எந்தத் தேதின்னு எழுதி, ரேஷன் கார்டு இருக்குற ஃபைல்லயே வச்சிருக்கேன், ரெண்டு பேர் ஃபோன்லயும் ஃபோட்டோ எடுத்தும் வச்சாச்சு.